ஜிடிஏ 5: சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

எங்கள் சொந்தபந்தத்தில் கேம் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என்னைத்தான் கேட்பார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயதாகியும் கன்சோலை விற்காமல் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். வருகிற கேள்விகளில் பாதி ஜிடிஏ 5 பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கதையின் முடிவைச் சொல்லவில்லை. நடுவில் வரும் சில இடங்களைச் சொல்லியிருக்கிறேன், அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், இது என்ன கேம்?

முழுப்பெயர் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த் தலைமையில் உருவானது. 2013 செப்டம்பர் 17 அன்று பிளேஸ்டேஷன் 3 (சுருக்கமாக பிஎஸ்3), எக்ஸ்பாக்ஸ் 360 என்ற இரண்டு கன்சோல்களிலும் வந்தது. லாஸ் ஏஞ்சலஸைப் பார்த்து வரைந்த லாஸ் சாண்டோஸ் என்ற கற்பனை நகரத்தில் மூன்று குற்றவாளிகளின் கதை. மிஷன், அதாவது கதை கொடுக்கும் வேலைகளைச் செய்யலாம், செய்யாமல் ஊர் சுற்றவும் செய்யலாம். வெளிவந்த மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்பனை. இன்றுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

அவ்வளவு பழைய கேமை இப்போது போய் வாங்குவதா?

வாங்கலாம். அடுத்தடுத்த கன்சோல்களுக்கு மெருகேற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2014 நவம்பரில் பிஎஸ்4, 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டர், 2022 மார்ச்சில் பிஎஸ்5. பிஎஸ்5 வைத்திருந்தால் அதற்கான பதிப்பையே எடுங்கள், அசைவு அவ்வளவு வழவழப்பு. கம்ப்யூட்டர் என்றால் முதலில் ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா பாருங்கள், 100 ஜிபிக்கு மேல் கேட்கும். முழு விலை கொடுக்காதீர்கள். இதற்குத் தள்ளுபடி அடிக்கடி வரும்.

எல்லோரும் 'அந்த ஊர், அந்த ஊர்' என்கிறார்களே, அப்படி என்ன ஊர்?

2013 தீபாவளி விடுமுறையில் நண்பன் வீட்டு எக்ஸ்பாக்ஸில்தான் முதன்முதலாக விளையாடினேன். அமெரிக்கா என்பதால் வண்டிகள் வலதுபுறம் ஓடும். நான் ஜாலான் ஈப்போவில் ஓட்டிய பழக்கத்தில் இடதுபுறமே போய், எதிரில் வந்த மூன்று காரை இடித்து, நடைபாதையில் ஏறி நின்றேன். சாலையில் இருந்தவர்கள் சும்மா ஓடவில்லை. ஒருத்தி இறங்கிவந்து திட்டினாள், ஒருவன் தொலைபேசியை எடுத்தான். மிஷனை மறந்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரின் அழகு சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. மூன்று நாயகரில் ஒருவரான மைக்கேலுக்கு ஜப்பான் சிலிப்பர் மாட்டிவிட்டு நடக்கவிட்டால் அது குதிகாலில் அடித்து அடித்து எழும். வேகமாக ஓட்டி வந்த காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். சூடு ஆறும்போது வருகிற 'டிக், டிக்' சத்தம் கேட்கும். காராக் மேடு ஏறிய பழைய காரை வீட்டு வாசலில் நிறுத்தியவர்களுக்குத் தெரியும் அந்தச் சத்தம். யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார், பாருங்கள்.

நகரத்தை விட்டு வடக்கே போனால் பாலைவனம், ஏரி, வெயிலில் வெளுத்த டிரெய்லர் வீடுகள். அதையும் தாண்டினால் சிலியட் மலை. அதில் சைக்கிளில் ஏறி, விடியும்வரை உச்சியில் நின்றுவிட்டு இறங்குவது என் பழக்கம். ஒரு வெள்ளி செலவில்லாத கெந்திங் மலைப் பயணம். பதினொரு வருடத்தில் கதையை இரண்டு தடவைதான் முடித்திருக்கிறேன், மலை ஏறியதற்குக் கணக்கே இல்லை.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். கதவுகளில் முக்கால்வாசி வெறும் ஓவியம். கடைத்தெரு முழுக்கக் கடை இருக்கும், உள்ளே நுழையக்கூடியவை துணிக்கடை, முடிதிருத்தும் கடை, துப்பாக்கிக்கடை, பச்சைகுத்தும் கடை, இன்னும் சில. சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

மூன்று ஹீரோ என்றால் குழப்பமாக இருக்காதா?

இருக்காது. மைக்கேல், வங்கிக்கொள்ளையில் சம்பாதித்துப் பெரிய வீட்டில் ஒதுங்கி, குடும்பத்தோடு சண்டை போட்டே காலம் தள்ளுகிற நடுவயதுக்காரர். டிரெவர், அவருடைய பழைய கூட்டாளி, வெறிபிடித்தவன். பிராங்க்ளின், வறுமையான பேட்டையில் பெரியம்மா வீட்டில் ஒண்டியிருக்கும் கறுப்பின இளைஞன்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது காட்சி அப்படியே வானத்துக்கு ஏறி, ஊரைக் கடந்து, இன்னொரு இடத்தில் இறங்கும். நாம் இல்லாத நேரத்தில் அந்த ஆள் தன் பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருப்பார். மைக்கேல் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருப்பார். டிரெவருக்கு மாறினால்தான் கூத்து. ஒரு தடவை பெண்கள் போடும் கவுனோடு மலை உச்சியில் போதை தெளிந்து எழுந்தான். ஒரு வசனமும் இல்லாமல் ஒருவனின் குணத்தைக் காட்டிவிடுகிறார்கள். இந்த ஒரு யோசனைக்காகவே கேமுக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

கொள்ளையடிக்கும் மிஷன்கள் பற்றிச் சொல்லுங்கள்.

கேமின் உச்சம் அவைதான். முதலில் வருவது நகைக்கடை. அடித்து உடைத்துக்கொண்டு போகிறீர்களா, காற்றுக்குழாயில் மயக்கவாயு விட்டு ஓசையில்லாமல் போகிறீர்களா என்று கேட்கும். ஆட்களையும் நீங்களே அமர்த்த வேண்டும். திறமையானவர் பங்கு அதிகம் கேட்பார், மலிவானவர் சொதப்புவார். நான் கல்யாண வீட்டுக் கணக்குப் பார்ப்பதுபோல எல்லா இடத்திலும் குறைந்த விலை ஆளையே எடுத்தேன். அலாரத்தை நிறுத்தி வைக்க வேண்டிய ஹேக்கர் கொடுத்தது சில நொடிகள்தான், பாதிக் கண்ணாடிப் பெட்டியை உடைக்கவே முடியவில்லை. துப்பாக்கிக்காரன் தப்பிக்கும்போது பைக்கிலிருந்து விழுந்து செத்தான். சிக்கனத்துக்குக் கிடைத்த பலன்.

இத்தனை சுவையான பகுதி மொத்தத்தில் ஐந்தாறு தடவைதான் வருகிறது. முக்கிய மிஷன்கள் 69. மீதியில் நிறைய எடுபிடி வேலை. அரசாங்க உளவாளிகளுக்காக ஓசியில் உழைக்கும் மிஷன்களில் நடு வழியில் எனக்கே அலுத்துவிட்டது. பணத்துக்காகக் கொள்ளையடிக்கிறவர்களின் கதையில் பணமே கண்ணில் படாமல் மணிக்கணக்கில் ஓடுகிறது. டிரெவர் திட்டம் போட்டுக் கடலில் எடுக்கும் ஒரு பெரிய சரக்கைக் கடைசியில் திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும், ஒரு காசு தேறாது. முதல் தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை கடுப்புதான் வந்தது.

பெரிய குறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால்?

சுதந்திரம். ஆமாம், இந்த கேம் எதற்குப் பெயர் பெற்றதோ அதேதான்.

வெளியே சுற்றும்போது இந்த ஊர் உங்களை ஒன்றும் கேட்காது. மிஷன் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொள்ளும், விடாது. மஞ்சள் கோட்டில் போ, இந்தக் காரில் ஏறு, இவனைச் சுடு, அவனைச் சுடாதே. இரண்டு தெரு விலகினால் 'கூட்டாளியைக் கைவிட்டுவிட்டாய்' என்று மிஷன் தோற்றுவிடும். சில துரத்தல்களில் முன்னால் ஓடும் வண்டியை என்ன செய்தாலும் நிற்காது, கதை குறித்துவைத்த முனைக்குப் போய்த்தான் நிற்கும். குறுக்குச் சந்தில் புகுந்து முந்திக்கொள்ளலாம், லாரியை இழுத்துவந்து வழியை அடைக்கலாம் என்று உங்கள் மூளைக்குத் தோன்றுவதற்கெல்லாம் அங்கே மதிப்பில்லை. மைதானத்தைத் திறந்துவிட்டு 'விளையாடுங்கள்' என்று சொல்லி, பந்தை மட்டும் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கொள்ளை மிஷன்கள் ஏன் ருசிக்கின்றன என்றால் அங்கே கயிறு கொஞ்சம் நீளம். அவ்வளவுதான். இதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இலும் இந்த வியாதி போகவில்லை. சொல்லப்போனால் முற்றிவிட்டது.

போலீஸ்?

கண்ணும் காதும் இவர்களுக்கு அதிகம். ஆளே இல்லாத காட்டுப்பாதையில் தவறு செய்தாலும் சில நேரம், போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறது என்று காட்டும் நட்சத்திரம் திரையின் மூலையில் மின்ன ஆரம்பித்துவிடும். ஐந்து நட்சத்திரம்வரை ஏறும். ஒளிந்து கொள்ளச் சந்தும் குகையும் நிறைய உண்டு. போலீஸ் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் இருந்தால் எல்லாம் மறந்து போவார்கள். நடுத்தெருவில் பீரங்கி ஓட்டியவனையும் கூட.

கேமில் பணம் சேர்க்க ஏதாவது வழி?

லெஸ்டர் என்பவர் பிராங்க்ளினுக்குக் கொடுக்கும் கொலை வேலைகள் மொத்தம் ஐந்து. ஹோட்டலில் நடக்கும் முதலாவதைக் கதை கட்டாயப்படுத்தும். மற்ற நான்கையும் தொடாதீர்கள், கதையை முழுவதும் முடித்து மூவர் கையிலும் கோடிக்கணக்கில் பணம் வந்தபிறகு செய்யுங்கள். பெரும்பாலான கொலைகளுக்கு முன்பு, போட்டி நிறுவனத்தின் பங்கை மூவர் பெயரிலும் வாங்கி வைத்தால் விலை துள்ளும். நிஜப் பங்குச்சந்தையான புர்சா மலேசியாவில் இந்த யுக்தி பலிக்காது, முயன்று பார்த்த கதை வேறு.

ஒரு சித்திரவதைக் காட்சி வருகிறதாமே?

வருகிறது. உளவுத்துறைக்காக டிரெவர் ஓர் அப்பாவியைக் கட்டிவைத்து வதைக்கிறான். மின்சாரம், குறடு, தண்ணீர் என்று கருவியை நீங்களே தேர்ந்தெடுத்து, பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும். அது முடிந்ததும், சித்திரவதையால் உண்மை ஒருநாளும் வெளிவராது என்று டிரெவரே காரில் பிரசங்கம் செய்வான். வெளியான நேரத்திலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பிய இடம் இது.

செய்பவனையே கூச வைப்பதுதான் நோக்கம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏறவில்லை. பல்லைப் பிடுங்க பொத்தானைச் சுழற்ற வைத்துவிட்டு அப்புறம் நீதி சொன்னால், இரண்டையும் ஒரே வாயால் சொன்னதுபோல இருக்கிறது. இரண்டாம் முறை விளையாடும்போது அந்த இடத்தில் ஒலியை அடைத்துவிட்டேன்.

'இதில் பெண்கள் எல்லாம் ஏன் இப்படி இருக்கிறார்கள்?' (கேட்டது என் மனைவி)

பதில் சொல்ல முடியாத கேள்வி. மூன்று நாயகரும் ஆண்கள். மைக்கேலின் மனைவி கத்துவார், மகள் டிவியில் வர அலைவாள், பிராங்க்ளினின் பெரியம்மா எந்நேரமும் எரிந்து விழுவார். எல்லோரையும் கிண்டலடிக்கும் கேம்தான், ஆண்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் கிண்டலடிக்கப்படும் ஆணுக்கு உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான், பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கேம்ஸ்பாட் தளத்தில் ஒரு விமர்சகர் இதைச் சுட்டிக்காட்டி 10க்கு 9 கொடுத்தார். 9! அதற்கே அவரை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி ரசிகர்கள் மனு போட்டார்கள். கேமைவிட ரசிகர்கள் மோசம் என்று என் மனைவி முடித்துக்கொண்டார்.

'தம்பி, என் மகனுக்குப் பதின்மூன்று வயது. வாங்கிக் கொடுக்கட்டுமா?'

வேண்டாம், அக்கா. பெட்டியின் மேலேயே 18 என்று போட்டிருக்கிறது. 'சும்மா கார் ஓட்டுகிற கேம்தான்' என்று அவன் சொல்வான், பாதி உண்மை. மீதிப் பாதியில் நான் மேலே சொன்ன குறடும், மேலாடையில்லாமல் ஆடும் கேளிக்கை விடுதியும், போதைப்பொருளும் இருக்கின்றன.

ஆனால் அக்கா கேட்க வருவது அதுவல்ல என்று தெரியும். 'இதைப் பார்த்துக் கெட்டுப்போவானா, கும்பலில் சேர்ந்துவிடுவானா' என்பதுதான் கேள்வி. இந்தப் பயம் நம் வீடுகளில் ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதும் தெரியும். இந்த கேம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பு, 2013 ஆகஸ்டில், மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் இந்தியர் என்று செய்தி வந்தது. அந்த வாரம் முழுவதும் வேலையிடத்தில் என்னை யாராவது உற்றுப் பார்த்தாலே உறுத்தும். நாம் மக்கள்தொகையில் 10க்கு ஒருவர்கூட இல்லை. கும்பலுக்குப் போனவன் எவனும் கேம் விளையாடிப் போனதாக நான் பார்த்ததில்லை. பள்ளி பாதியில் நின்று, வேலை கிடைக்காமல், 'அண்ணன்' என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததும் போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிளாட்டிலேயே இரண்டு பேர்.

அதனால்தான் பிராங்க்ளின் பகுதி என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கதையின் தொடக்கத்தில் அவனுக்கு என்ன வேலை தெரியுமா? கடன் கட்டாதவர்களின் காரை இழுத்துக்கொண்டு வருவது. இங்கே நம் பையன்கள் எத்தனை பேர் அதே வேலையைச் செய்கிறார்கள்! காரைக் கொடுத்துக் கடனில் மாட்டிவிடுபவரே இழுத்துவரவும் ஆள் அனுப்புகிறார். கூட்டாளி லமார் பழைய பேட்டைப் பெருமையை விடமாட்டான், இவன் எப்படியாவது வெளியேறத் துடிப்பான். முதல் சில மணிநேரம் இந்தக் கதை உண்மையாகச் சுடுகிறது. அப்புறம் மைக்கேலும் டிரெவரும் பழைய பகையைப் பேச ஆரம்பித்ததும் பிராங்க்ளின் அவர்களுக்கு வண்டியோட்டுபவனாகிவிடுகிறான். மலைமேல் ஒரு பெரிய வீடு கிடைக்கும், அதில் அவனும் நாயும். பேட்டையில் விட்டுவந்த எதற்கும் கணக்குத் தீர்க்கப்படாது. எழுதியவர்களுக்குக் கையில் இருந்த சரக்கின் அருமை தெரியவில்லை. கேமின் ஆகப்பெரிய கதைக்குறை இதுதான் என்பேன்.

சரி, அக்கா, மகனுக்குப் பதினெட்டு ஆனதும் அனுப்புங்கள், நானே பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறேன். அதுவரை கன்சோலில் வயதுக்கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம், கடவுச்சொல்லாக அவன் பிறந்தநாளை மட்டும் போடாதீர்கள்.

ஆன்லைனில் விளையாடலாமா?

நண்பர்கள் நான்கு பேர் இருந்தால் சரி. தனியாகப் போனால் பறக்கும் பைக்கில் வந்து ஏவுகணை விடுகிற எவனோ ஒருவனுக்கு இரையாவீர்கள். ஜிடிஏ ஆன்லைன் 2013 அக்டோபரில் தொடங்கியது. அதில் கொட்டிய பணத்தைப் பார்த்தபிறகு தனியாள் கதைக்கு ஒரு புதிய அத்தியாயம்கூட வரவில்லை. நிஜக் காசு கொடுத்து விளையாட்டுக் காசு வாங்கும் அட்டைகளும் உண்டு. வாங்காதீர்கள்.

முன்பெல்லாம் உள்ளே நுழையவே பல நிமிடம் பிடிக்கும். தே தாரிக் வாங்கி வந்துவிடலாம். 2021இல் டோஸ்ட் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் தானே நோண்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். கேமில் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று, 10 எம்பி அளவு. அதைப் படிக்கும் நிரல் ஒவ்வோர் உருப்படிக்கும் மீதிக் கோப்பின் நீளத்தை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. அப்புறம், உருப்படி ஏற்கெனவே இருக்கிறதா என்று முழுப் பட்டியலையும் ஒவ்வொரு தடவையும் தேடியது. அவர் இரண்டையும் திருத்தியதும் காத்திருப்பு சுமார் 70 விழுக்காடு குறைந்தது. நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் கொடுத்துத் தானும் திருத்திக்கொண்டது. கோடிக்கணக்கானவர்கள் ஏழு வருடம் காத்துக் கிடந்தது இதற்காகத்தான்.

நம்ம ஊர் மைவி காரை ஓட்ட முடியுமா?

கம்ப்யூட்டரில் முடியும். ரசிகர்கள் மைவி, புரோட்டோன் சாகா, மலேசியப் போலீஸ் கார் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் இவற்றோடு நுழைந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள், தனியாள் கதையில் மட்டும் வையுங்கள். மைவியை லாஸ் சாண்டோஸின் வினிவுட் மலைச்சாலையில் விரட்டிப் பார்த்தேன், நம் ஊரில் ஓடுகிற மாதிரியேதான் எல்லோரையும் முந்தியது. தமிழில் பேசிக்கொண்டு போலீஸ், டாக்டர், டாக்சிக்காரர் என்று வேடம் கட்டி ஆடும் தனி சர்வர்களும் உண்டு, அது வேறு உலகம். கேமில் தமிழிலோ மலாயிலோ வசனவரி கிடையாது.

இது வேண்டாம், வேறு ஏதாவது சொல்லுங்கள்.

2012இல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ். ஹாங்காங்கில் கும்பலுக்குள் ரகசியமாக நுழையும் போலீஸ்காரன் கதை. ஊர் சின்னது, ஆனால் வண்டிகள் இடதுபுறம் ஓடும், தெருவோரக் கடையில் நின்று சாப்பிடலாம், மழை பெய்த இரவுச்சந்தை நம் பாசார் மாலாம்போலவே மின்னும். துப்பாக்கியைவிடக் கைச்சண்டை அதிகம். வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

உங்கள் டிஸ்கை இரவல் தருவீர்களா?

தருவேன். புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் பழையதாக வாங்கினேன். உள்ளே ஊர் வரைபடம் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள், அது இருக்கிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் வேறு ஏதோ ஒரு பந்து கேமின் துண்டுச்சீட்டு. டிஸ்க் போன தீபாவளியிலிருந்து காஜாங்கில் இருக்கும் மச்சானிடம் இருக்கிறது. அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் எனக்கும் சேர்த்து.